மரத்தடியில் விடப்படும் மரமுந்திரிகைப் பழம்: அதன் சத்தை வீட்டில் அளந்து பார்த்த பதிவு

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், வாழைச்சேனையைத் தாண்டி வாகரைப் பக்கம் போகும் மணற்பாங்கான கரையோரத்தில், மரமுந்திரிகை காய்க்கும் மாதங்களில் கொட்டை மட்டுமே வீட்டுக்கும் சந்தைக்கும் போகிறது. கொட்டையைத் திருகி எடுத்ததும் பழம் மரத்தடியிலேயே விடப்படுகிறது. அணிலும் வௌவாலும் தின்றது போக மிச்சம் வெயிலில் புளித்து மண்ணோடு மண்ணாகிறது. பழத்தின் நிறை கொட்டையின் நிறையைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு இருக்கும் என்பதை நினைத்தால், ஒரு மரம் வருடம் முழுவதும் உழைத்துத் தந்த விளைச்சலின் பெரும்பகுதியை நாம் கையால் தொடுவதே இல்லை என்பது விளங்கும்.

இந்தப் பழத்தில் தோடம்பழத்தைவிடப் பல மடங்கு விற்றமின் சி உண்டு என்று உணவுச் சத்து அட்டவணைகள் கூறுகின்றன. அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அட்டவணையில் இருப்பது பறித்த பழத்தின் கணக்கு. தொண்டையைக் கரகரக்க வைக்கும் துவர்ப்பை நீக்கி, வீட்டில் உள்ள பிள்ளைகள் முகம் சுளிக்காமல் குடிக்கக்கூடிய சாறாக மாற்றிய பின்னர் அந்தச் சத்தில் எவ்வளவு எஞ்சுகிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவித்தால் துவர்ப்பு போகும், ஆனால் விற்றமினும் போகும். அவிக்காவிட்டால் விற்றமின் இருக்கும், ஆனால் குடிக்க ஆள் இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டா என்பதைப் பாமசியில் வாங்கிய அயடீனையும் வடிகஞ்சியையும் கொண்டு அளந்து பார்த்த விபரத்தைக் கீழே எழுதுகிறேன்.

பழம் என்று நாம் சொல்வது எது

மரமுந்திரிகையின் உண்மையான கனி, அடியில் தொங்கும் கொட்டைதான். அதற்கு மேலே மஞ்சளாகவோ சிவப்பாகவோ பருத்திருப்பது பூக்காம்பு வீங்கிச் சதைப்பற்றானதால் உண்டான பொய்க்கனி. பிரேசிலின் வடகிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இந்த மரத்தைப் போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டில் ஆசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். மாமரமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்துபோகும் உடம்புக்காரர்கள் மரமுந்திரிகையிலும் கவனமாக இருக்க வேண்டும். கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைக் கொப்புளமாக்கிவிடும். ஆகவே கொட்டையை நசுக்காமல் திருகி எடுப்பதும், கையுறை போட்டுக்கொள்வதும், எடுத்த கொட்டையையும் பழத்தையும் ஒரே பாத்திரத்தில் போடாமல் இருப்பதும் இந்த வேலையின் முதற்படி. கஜு, அதாவது கொட்டைக்குள் இருக்கும் பருப்பு, சாப்பிட்டால் ஒவ்வாமை ஏற்படுபவர்கள் பழச்சாற்றையும் தவிர்ப்பதே பாதுகாப்பானது.

தென்னாசிய உணவு அட்டவணைகளில் நெடுங்காலமாக எடுத்தாளப்படும் கணக்கின்படி, 100 கிராம் பழத்தில் நீர் 86.3 கிராம், காபோவைதரேற்று 12.3 கிராம், புரதம் 0.2 கிராம், கொழுப்பு 0.1 கிராம், நார் 0.9 கிராம், கனியுப்புக்கள் 0.2 கிராம், சக்தி 51 கிலோகலோரி, விற்றமின் சி 180 மில்லிகிராம். காபோவைதரேற்றில் பெரும்பகுதி குளுக்கோசும் பிரக்ரோசும். கனியுப்புக்களில் முன்நிற்பது பொற்றாசியம். கல்சியமும் இரும்பும் சொல்லத்தக்க அளவில் இல்லை. புரதத்துக்காகவோ இரும்புக்காகவோ இந்தப் பழத்தை நாடுவதில் பொருளில்லை. இதன் பெறுமதி விற்றமின் சி என்ற ஒன்றிலேயே பெரும்பாலும் தங்கியிருக்கிறது. அந்த ஒன்றோ வெப்பத்துக்கும் காற்றுக்கும் செம்புக்கும் நேரத்துக்கும் தாக்குப்பிடிக்காத பொருள்.

துவர்ப்புக்குக் காரணம் தனின் எனப்படும் பொலிபீனோல் சேர்வைகள். அவை நம் உமிழ்நீரில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைத் திரளச் செய்கின்றன; வாயின் வழுவழுப்பு போய் நாக்கு இழுபடுவது அதனாலேயே. தொண்டை அரிப்புக்கு, ஓட்டில் உள்ளது போன்ற அனகாடிக் அமிலங்கள் பழத்திலும் சிறிதளவு இருப்பதைக் காரணமாகச் சொல்கிறார்கள். "உப்பத் தொட்டுத் தின் மனே, தொண்ட கரகரக்காது" என்று பெரியம்மா சொல்வதில் உண்மை உண்டு, ஏனெனில் உப்பு அந்த உணர்வைத் தணிக்கிறது. ஆனால் தனின் பழத்தில் அப்படியே இருந்து வயிற்றுக்குப் போகிறது. அது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அளப்பதற்குத் தேவைப்பட்டவை

பாடசாலையில் உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. அயடீன் விற்றமின் சியை ஒட்சியேற்றித் தான் அயடைட்டாக மாறும். கரைசலில் விற்றமின் சி இருக்கும்வரை, விழும் ஒவ்வொரு துளி அயடீனும் நிறமிழந்துபோகும். விற்றமின் தீர்ந்த கணத்தில் அடுத்த துளி, முடிவைக் காட்டுவதற்காகச் சேர்த்த மாப்பொருளோடு சேர்ந்து நீலக்கருப்பாகும். எத்தனை மில்லிலீற்றர் அயடீன் செலவானது என்பதே விடை.

ஆய்வுகூடத்தில் கனவளவு அளக்கும் அளவியும் குழாயியும் வாங்கத் தேவையில்லை. பாமசியில் விற்கும் 10 மில்லிலீற்றர், 1 மில்லிலீற்றர் சிரிஞ்சுகளை ஊசி இல்லாமல் பயன்படுத்தினேன். புண்ணுக்குப் பூசும் 10 சதவீத பொவிடோன் அயடீன் கரைசலில் பயன்படக்கூடிய அயடீன் 1 சதவீதம் இருக்கும். அதில் 10 மில்லிலீற்றரை எடுத்து, வடித்த நீர் சேர்த்து 100 மில்லிலீற்றராக்கினால், ஒரு மில்லிலீற்றரில் ஏறக்குறைய 1 மில்லிகிராம் அயடீன் உள்ள கரைசல் கிடைக்கும். 254 மில்லிகிராம் அயடீன் 176 மில்லிகிராம் விற்றமின் சியோடு தாக்கமடையும் என்பதால், இந்தக் கரைசலின் ஒரு மில்லிலீற்றர் 0.69 மில்லிகிராம் விற்றமினுக்குச் சமம் என்று தாளிலேயே கணித்துவிடலாம். ஆயினும் போத்தலில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி அளப்பது சரியல்ல. மருந்துக் கரைசல்களின் செறிவு குறித்த எல்லைக்குள் சற்றுக் கூடலாம், குறையலாம்; திறந்து வைத்த போத்தலில் அயடீன் மெல்ல மெல்லப் பறந்தும் போகும்.

ஆகவே 100 மில்லிகிராம் விற்றமின் சி மாத்திரை ஒன்றைப் பொடியாக்கி 100 மில்லிலீற்றர் நீரில் கரைத்து, செறிவு தெரிந்த நியமக் கரைசலாக வைத்துக்கொண்டேன். அதில் 10 மில்லிலீற்றரை எடுத்தால் 10 மில்லிகிராம் விற்றமின் இருக்கும். காட்டியாக, ஒரு தேக்கரண்டி சோளமாவை நீரில் கொதிக்க வைத்து ஆறவைத்த கஞ்சியில் சில துளிகள் போதும். அந்த 10 மில்லிலீற்றருக்கு 14.0 மில்லிலீற்றர் அயடீன் செலவாயிற்று. கணக்குப்படி வரவேண்டியது 14.4. இரண்டும் இவ்வளவு நெருங்கி வந்ததால் முறையில் நம்பிக்கை பிறந்தது. பிறகு வந்த எல்லாக் கணக்குக்கும் ஒரு மில்லிலீற்றர் அயடீனுக்கு 0.714 மில்லிகிராம் என்ற அளவையே எடுத்துக்கொண்டேன். நியமக் கரைசலையும் அயடீன் கரைசலையும் அன்றன்றைக்குப் புதிதாகச் செய்வது கட்டாயம்.

மரமுந்திரிகையைத் தொடுவதற்கு முன்னர், எல்லோருக்கும் தெரிந்த பழங்களில் முறையைச் சோதித்தேன். 5 மில்லிலீற்றர் தோடம்பழச் சாற்றுக்கு 3.4 மில்லிலீற்றர் அயடீன் தேவைப்பட்டது. அதாவது 100 மில்லிலீற்றரில் 49 மில்லிகிராம். தேசிக்காய்ச் சாற்றில் அது 30 மில்லிகிராம். இரண்டுமே அட்டவணைகளில் காணும் அளவுகளுக்கு அருகிலேயே வந்தன.

நீர், சர்க்கரை, சக்கை

பழத்தைத் தெரிவு செய்வதில் கண்டிப்பு வேண்டும். மரத்திலிருந்து தானாக விழும் பருவமே பழம் முழுதாகப் பழுத்த நிலை. ஆனால் முந்தைய நாள் விழுந்து வெயில் கண்ட பழம் அளப்பதற்கும் உதவாது, குடிப்பதற்கும் உதவாது. சாதாரண வெப்பநிலையில் இந்தப் பழம் ஒரு நாளைக்கு மேல் தாங்குவதில்லை. சந்தைக்குப் போகாததற்கு அதுவே முதற்காரணம். மரத்தடியை மாலையில் கூட்டிச் சுத்தமாக்கி, பழைய மீன் வலையொன்றைத் தரைக்குச் சற்று மேலே கட்டிவிட்டு, விடிந்ததும் வலையில் கிடக்கும் பழங்களை மட்டும் எடுப்பது வழக்கமாயிற்று. மஞ்சளையும் சிவப்பையும் தனித்தனியாக வைத்தேன்.

100 கிராம் மஞ்சள் பழத்தை மெல்லிய வில்லைகளாக வெட்டி, கச்சான் காற்று வீசும் முற்றத்தில் வெயிலில் காயவைத்து, பிறகு 70 பாகை அளவில் வைத்த ஓவனில், நிறை மேலும் குறையாமல் நிற்கும்வரை உலர்த்தினேன். பத்திலொரு கிராம் காட்டும் சிறு தராசில் எஞ்சியது 13.9 கிராம். அதாவது நீர் 86.1 கிராம், அட்டவணை சொல்வதும் ஏறக்குறைய அதுவே.

சர்க்கரையை அறியக் கையடக்க முறிவுமானி உதவியது. அதன் கண்ணாடியில் ஒரு துளி சாற்றை வைத்து வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால், கரைந்துள்ள திண்மங்களின் அளவு பிரிக்ஸ் பாகையாகத் தெரியும். மஞ்சள் பழச்சாறு 12, சிவப்பு 11 காட்டின. சாற்றில் 12 சதவீதம் என்றால், 86 கிராம் நீரோடு கரைந்திருப்பது 11.7 கிராம். உலர்ந்த நிறையிலிருந்து அதைக் கழித்தால் கரையாத பகுதி ஏறக்குறைய 2 கிராம். நாரின் பெரும்பகுதி அதிலேயே இருக்க வேண்டும். அட்டவணையின் 0.9 கிராம் நார் என்பது, அமிலத்திலும் காரத்திலும் கொதிக்க வைத்த பிறகு எஞ்சுவதை மட்டும் எண்ணும் பழைய முறையின் விளைவு. அந்த முறை உணவு நாரைக் குறைத்தே காட்டும். எனவே என் கணக்குக்கும் அட்டவணைக்கும் இடையிலான இந்த வேறுபாடு எனக்கு வியப்பளிக்கவில்லை. நிறங்காட்டித் தாளில் சாற்றின் அமிலத்தன்மை பி.எச். 4க்கும் 4.5க்கும் இடையில் இருந்தது. தேசிக்காயைவிட அது மிகவும் மென்மையான புளிப்பு.

பச்சைச் சாறு

பழத்தைத் துணியில் கட்டிப் பிழிந்தால் ஒரு கிலோவுக்கு 600 மில்லிலீற்றருக்குச் சற்று மேலாகச் சாறு வரும். அதில் 5 மில்லிலீற்றரை 20 மில்லிலீற்றர் நீரில் கலந்து அயடீனைத் துளித்துளியாக விட்டபோது, மஞ்சள் பழத்துக்கு 15.1 மில்லிலீற்றரும் சிவப்புப் பழத்துக்கு 13.6 மில்லிலீற்றரும் செலவாயின. 100 மில்லிலீற்றர் சாற்றுக்குக் கணக்கிட்டால் மஞ்சளில் 216 மில்லிகிராம், சிவப்பில் 194 மில்லிகிராம். அதே அயடீனில் அதே சிரிஞ்சால் அளந்த தோடம்பழச் சாற்றைப் போல சிவப்பில் நான்கு மடங்கு, மஞ்சளில் அதற்கும் மேல். ஓரிரு மரங்களின் பழத்தை வைத்து, மஞ்சளே எப்போதும் சத்துக் கூடியது என்று சொல்ல முடியாது. மரத்துக்கு மரம் வேறுபாடு இருக்கும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் குறிப்பிட வேண்டும். அயடீன் விற்றமின் சியோடு மட்டுமன்றித் தனின் போன்ற பீனோல் சேர்வைகளோடும் மெதுவாகத் தாக்கமடையும். பச்சைச் சாற்றில் நீலம் தோன்றிச் சில விநாடிகளில் மங்குவதை நன்றாகக் காணலாம். முதன்முதலில் தோன்றி, கலக்கிய பின்னரும் பத்து விநாடி நிற்கும் நீலத்தையே முடிவாக எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்து, எல்லா மாதிரிகளுக்கும் அந்த ஒரே விதியைப் பின்பற்றினேன். அப்படியிருந்தும் பச்சைச் சாற்றின் அளவு உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம்.

துவர்ப்பை நீக்கிய பிறகு எஞ்சுவது

பிரேசிலில் இந்தச் சாற்றிலிருந்து 'கஜுயினா' என்ற தெளிந்த பானத்தைச் செய்கிறார்கள். பிழிந்த சாற்றில் ஜெலற்றீன் சேர்த்தால் தனின் அதோடு ஒட்டித் திரண்டு கீழே படியும். வடிகட்டிய தெளிவைப் போத்தலில் அடைத்து, பொன்னிறமாகும்வரை நீரில் வைத்துச் சூடாக்குவார்கள். கோவாவில் இதே சாற்றைப் புளிக்க வைத்து வடிப்பதுதான் பெனி. 2009இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கேரளத்தில் ஜெலற்றீனுக்குப் பதிலாகச் சவ்வரிசிக் கூழும் வடிகஞ்சியும் பயன்படுகின்றன. எங்கள் பகுதிக்குப் பொருந்துவது இந்த மூன்றாவது வழி என்று எனக்குத் தோன்றியது. ஜெலற்றீன் விலங்கிலிருந்து எடுக்கப்படுவது. சைவ உணவுக்காரர்களுக்கும், ஹலால் பார்ப்பவர்களுக்கும் அதைப் பற்றித் தனித்தனியே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். வடிகஞ்சி எல்லா வீட்டிலும் உண்டு, அதைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்கப்போவதில்லை.

ஒரு லீற்றர் சாற்றுக்கு 125 மில்லிலீற்றர் ஆறிய வடிகஞ்சி என்ற அளவில் கலந்து, கண்ணாடிப் போத்தலில் அசைக்காமல் வைத்தேன். கால் மணி நேரத்துக்குள் சாறு பாலாகத் திரிந்தது. பிறகு மேற்பகுதி தெளியத் தொடங்கி, அடியில் பழுப்பு நிறப் படிவு இறங்கியது. கஞ்சியில் உப்புப் போடாதிருப்பதும், அது முற்றாக ஆறியிருப்பதும் அவசியம். சூட்டோடு ஊற்றினால் விற்றமினும் வீணாகும், படிவும் சரியாக இறங்காது. தெளிவை மெல்லச் சாய்த்து ஊற்றி இரட்டைத் துணியில் வடிகட்டிக் குடித்துப் பார்த்தபோது நாக்கு இழுபடுவது பெரும்பாலும் நின்றிருந்தது. பழத்துக்கே உரிய வாசம் மட்டும் முன்னைவிடத் தூக்கலாக இருந்தது. கொஞ்சம் ஜெலற்றீன் கரைசலைச் சில துளி விட்டுப் பார்ப்பது, தனின் எஞ்சியிருக்கிறதா என்று அறிய நல்ல சோதனை. பச்சைச் சாறு உடனே தடித்துக் கலங்கும். கஞ்சியில் தெளிந்த சாறு இலேசாக மங்கியதோடு நின்றுவிட்டது.

தெளிந்த சாற்றுக்கு 13.0 மில்லிலீற்றர் அயடீன் செலவாயிற்று. அதாவது 100 மில்லிலீற்றரில் 186 மில்லிகிராம். முதல் பார்வைக்கு இது இழப்புப் போலத் தெரியும். ஆனால் கஞ்சி சேர்த்ததால் சாறு எட்டில் ஒரு பங்கு நீர்த்திருக்கிறது. அதைச் சரிக்கட்டினால் 209 மில்லிகிராம் வருகிறது. பச்சைச் சாற்றின் 216க்கும் இதற்கும் உள்ள இடைவெளி வெறும் மூன்று சதவீதம். அந்தச் சிறு இடைவெளியிலும் ஒரு பங்கு விற்றமின் இழப்பல்ல, அகற்றப்பட்ட தனின் முன்பு குடித்த அயடீனே என்று நினைக்கிறேன். தெளிந்த சாற்றில் நீலம் தோன்றினால் மங்காமல் உறுதியாக நின்றது அதற்குச் சான்று. இந்த மாதிரிக்குத் தனியாகக் காட்டி சேர்க்கவும் தேவைப்படவில்லை, கஞ்சியில் எஞ்சிய மாப்பொருளே அந்த வேலையைச் செய்தது.

லீற்றருக்கு 5 கிராம் சவ்வரிசியைக் கொஞ்ச நீரில் கூழாகக் காய்ச்சிச் சேர்த்தபோதும் விளைவு ஏறக்குறைய அதுவே: நீர்ப்பைச் சரிக்கட்டி 208 மில்லிகிராம். கூழில் நீர் குறைவு என்பதால் இனிப்புக் குறையாமல் இருப்பது இதன் நன்மை. தெளிவு இறங்கக் கூடுதல் நேரம் எடுப்பது குறை.

சூடாக்கும் வழிகளை அடுத்து அளந்தேன். முழுப் பழங்களை இடியப்பம் அவிக்கும் பானையில் பத்து நிமிடம் ஆவியில் வைத்துப் பிழிந்தால் துவர்ப்பு ஓரளவு குறைகிறது. தொண்டைக் கரகரப்பு நன்றாகவே குறைகிறது. விற்றமின் சி 160 மில்லிகிராமுக்கு இறங்கியது, நாலில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. பிழிந்த சாற்றைத் திறந்த சட்டியில் இருபது நிமிடம் கொதிக்க வைத்து, ஆவியாகிப்போன நீரைத் திரும்பச் சேர்த்துப் பழைய கனவளவுக்குக் கொண்டுவந்து அளந்தபோது 116 மில்லிகிராமே இருந்தது. அதாவது அரைவாசிக்குச் சற்றுக் கூடுதல். இவ்வளவு இழந்த பின்னரும் அது தோடம்பழச் சாற்றைப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்பது உண்மைதான். ஆனால் கஞ்சியால் ஏறக்குறைய முழுவதையும் காப்பாற்ற முடியும்போது கொதிக்க வைக்க வேண்டிய தேவை இல்லை. பித்தளை, செம்புப் பாத்திரங்களை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. மிகச் சிறிதளவு செம்பு கரைந்தாலும் அது விற்றமின் சி ஒட்சியேற்றமடைவதை வேகப்படுத்திவிடும். இரும்புச் சட்டியும் இரும்புக் கத்தியும் தனினோடு சேர்ந்து சாற்றைக் கருக்கும். கண்ணாடி, துருப்பிடிக்காத உருக்கு, உட்பூச்சுக் கெடாத பீங்கான் ஆகியவையே போதும்.

இரவு முழுவதும் வைத்துப் பார்த்ததில் வந்த வேறுபாடு, ஆவியில் வைத்ததால் வந்ததைவிடக் குறைந்ததல்ல. தெளிந்த சாற்றைக் கழுத்துவரை நிரப்பி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தபோது, காலையில் நீர்ப்பைச் சரிக்கட்டிய கணக்கில் 204 மில்லிகிராம் இருந்தது. அதே சாற்றைத் திறந்த கூசாவில் குசினியில் வைத்தபோது 148 ஆகக் குறைந்திருந்தது. அத்தோடு நுரைத்துப் புளிக்கத் தொடங்கி, பிரிக்ஸ் அளவும் இறங்கியிருந்தது. காற்றுக்கு இடம் வைக்காமல் போத்தலை நிரப்புவது செலவில்லாத பாதுகாப்பு.

தனினும் இரும்பும்

துவர்ப்பை நீக்குவது சுவைக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல. கீரையிலும் பருப்பிலும் அரிசியிலும் உள்ள இரும்பு உடம்பில் எளிதாகச் சேர்வதில்லை. சாப்பாட்டோடு சேரும் விற்றமின் சி அந்த இரும்பைக் குடல் உறிஞ்சக்கூடிய வடிவுக்கு மாற்றி உதவுகிறது. தனின் அதே இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு தடுக்கிறது. பச்சைச் சாறு இந்த இரண்டையும் ஒன்றாகவே கொண்டுவருகிறது, ஒன்று கொடுப்பதை மற்றது ஓரளவு பறிக்கும். தனினை அகற்றிவிட்டு விற்றமினைக் காப்பாற்றிய சாறு, முருங்கை இலைச் சுண்டலும் பருப்பும் சோறும் என்று போகும் நம் மதியச் சாப்பாட்டுக்கு மிகவும் பொருத்தமான துணை. இரத்தச்சோகை உள்ள பெண்களும் வளரும் பிள்ளைகளும் இருக்கும் வீடுகளில் இதை நான் வலியுறுத்திச் சொல்வேன். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். தேயிலையிலும் தனின் வகைச் சேர்வைகள் நிறையவே இருக்கின்றன. ஆனால் மருத்துவர் தந்த இரும்பு மாத்திரைக்கு இது மாற்று ஆகாது.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலக சுகாதார அமைப்பும் உணவு, விவசாய அமைப்பும் சேர்ந்து வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைப்பது 45 மில்லிகிராம் விற்றமின் சி; கர்ப்பிணிகளுக்கு 55, பாலூட்டும் தாய்மாருக்கு 70. கஞ்சியில் தெளிந்த சாற்றில் 25 மில்லிலீற்றரே வளர்ந்தவரின் ஒரு நாள் தேவையை நிறைவு செய்துவிடும். இந்த விற்றமினை உடம்பு சேமித்து வைப்பது சொற்பம். ஒரேயடியாக நிறையக் குடித்தால் உறிஞ்சும் விகிதம் குறையும், மிகுதி சிறுநீரோடு வெளியேறும். ஆகவே ஒரு பங்கு சாற்றுக்கு மூன்று பங்கு நீர் கலந்து, சீனி போடாமல் சாப்பாட்டோடு குடிப்பது போதுமானது. நீர்க்காத சாற்றில் 100 மில்லிலீற்றருக்குப் பத்துக் கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும். நீரிழிவு உள்ளவர்கள் அதை மனத்தில் கொள்ள வேண்டும்.

வைத்துக் குடிப்பதற்கும், சக்கைக்கும்

காய்ப்புக் காலம் குறுகியது. மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டுமென்றால், தெளிந்த சாற்றைப் போத்தலில் அடைத்து, நீர்ச்சட்டியில் 85 முதல் 90 பாகைவரை சூடாக்கி மூடுவது ஒரு வழி. விற்றமினில் ஒரு பங்கை அதற்கு விலையாகக் கொடுக்க வேண்டும். சல்பைற்று வகைப் பாதுகாப்புப் பொருளை, அனுமதிக்கப்பட்ட அளவில் சேர்ப்பது இன்னொரு வழி. அது சாறு கருப்பதையும் விற்றமின் அழிவதையும் தடுக்கும், ஆனால் ஆஸ்துமா உள்ளவர்கள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அத்தோடு, சல்பைற்றும் அயடீனோடு தாக்கமடையும் பொருள் என்பதால், அது சேர்ந்த சாற்றை இந்த முறையில் அளந்தால் விற்றமின் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். கடையில் வாங்கிய பழப்பானங்களை அயடீன் விட்டுச் சோதிக்க விரும்புபவர்கள் முதலில் போத்தலின் முகப்புச் சீட்டில் பாதுகாப்புப் பொருளைத் தேடிப் படிக்க வேண்டும். நான் இரண்டையும் விட்டுவிட்டு, சிறு போத்தல்களில் நிரப்பி உறைய வைக்கிறேன். உறையும்போது சாறு விரிவதால் இதற்கு மட்டும் கழுத்தளவு இடம் விட வேண்டும். கண்ணாடியை விட உணவுத் தர பிளாஸ்ரிக் போத்தல் பாதுகாப்பு.

பிழிந்த சக்கையில் விற்றமின் கொஞ்சமே இருந்தாலும், பழத்தின் நாரும், மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கரோற்றினோயிட்டுகளும் பெரும்பாலும் அதிலேயே தங்குகின்றன. இரண்டு சதவீத உப்பு நீரில் ஐந்து நிமிடம் அவித்து, நீரை வடித்து நன்றாகப் பிழிந்துவிட்டால் துவர்ப்புப் போய்விடும். பிறகு சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு வதக்கி, மிளகாய்த்தூளும் இரண்டாம் பாலும் விட்டுக் கறியாக்கலாம். கரோற்றினோயிட்டுகள் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும் என்பதால், இறக்கும்போது முதற்பாலைக் கொஞ்சம் தாராளமாகவே விடலாம்.